மண்டபத்தில் மீன் பார்த்தவர்

ஒத்தமரத் தோட்டத்தின் தொலைக்காட்சிக் குழு, தோட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு தொலைக்காட்சி இருந்த காலத்தில் அமைக்கப்பட்டது. பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது, குழு கலைக்கப்படவில்லை. மாதச் சந்தா கட்டி மாளாமல் அந்த வீட்டுத் தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன, அப்போதும் கலைக்கப்படவில்லை. இப்போது தோட்டத்து மக்கள் கைப்பேசியில், யாருக்கும் ஒரு காசும் கட்டாமல், வேண்டிய தொடரை வேண்டிய நேரத்தில் பார்க்கிறார்கள். குழு இருக்கிறது. ஒரு குழுவைத் தொடங்கத்தான் காரணம் வேண்டும். தொடர்வதற்குத் தலைவர் ஒருவர் போதும்.

தலைவர் பெயர் தங்கராஜு. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் லோகேஸ்வரன், தோட்ட அலுவலகத்தின் இன்றைய கிராணி. இவர்கள் இருவரின் பொறுப்பில் மண்டபத்துத் தொலைக்காட்சி ஒரு மர அலமாரிக்குள் இரண்டு பூட்டுகளுடன் வாழ்ந்தது. ஒரு சாவி தலைவரிடமும் மற்றது செயலாளரிடமும் இருந்தன. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. மாலைதோறும் இருவரும் வந்து ஆளுக்கொரு பூட்டைத் திறந்துவிட்டு, தத்தம் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தொடர் பார்த்தனர்.

திறந்தபின் துணியை விலக்குவதும், விசையைப் போடுவதும், முடிந்ததும் மூடி வைப்பதும் கருப்பையாவின் வேலை. அவர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை மலைச்சரிவில் இழுத்து இழுத்து இரண்டு முழங்கால்களின் பலத்தையும் இழந்தவர். வேலையில்லாதவருக்குத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் வீடு இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். ஆகவே அவருக்கு ‘மண்டபத் தொலைக்காட்சிக் காவலர்’ என்னும் பதவி தரப்பட்டது. பதவியுடன் மண்டபத்தின் பின்புறம் ஓர் அறையும் வந்தது. அதில் அவரும் மனைவி மணியம்மாவும் வசித்தனர். மகள் விக்னேஸ்வரி பிரிஞ்சாங் நகரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தாள். ஹோட்டல் கொடுத்த கட்டிலில் மற்றொருத்தியுடன் முறை வைத்துத் தூங்கினாள். ஆதலால் அந்த அறையை விட்டால் கணவன் மனைவிக்குப் போக்கிடம் இல்லை. இது கருப்பையாவுக்குத் தெரியும். மணியம்மாவுக்கும் தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

தொல்லை ஆயுதபூசையன்று தொடங்கியது. தோட்டத்தில் அன்று எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். லோரி, கவாத்துக் கத்தி, அலுவலகக் கணினி என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்த லோகேஸ்வரன், மண்டபத்துக்கும் வந்தார். தொலைக்காட்சிக்குக் கீழே செயற்கைக்கோள் அலைவரிசைகளை வாங்கிக் கொடுக்கும் டிகோடர் பெட்டி இருந்தது. தொலைக்காட்சியின் கண்ணாடியில் சந்தனம் வைத்தால் படம் மறையும் என்று யோசித்து, பெட்டிக்கே வைத்தார். பெட்டியின் முகப்பில் நெற்றியைப் போலத் தோன்றிய இடம் ஒன்றுதான்: சிறிய, கருத்த, பளபளப்பான ஒரு புள்ளி. அதன்மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் இட்டார். மாவிலைத் தோரணம் கட்டும்போது அவருடைய முழங்கை ரிமோட்டின் மேல் பட்டிருந்ததால் திரையில் அப்போது மீன்பிடி அலைவரிசை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

சந்தனம் காய்ந்தது. அன்றிலிருந்து ரிமோட் வேலை செய்யவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் குழு இரண்டு வெவ்வேறு கூட்டங்களில் பதிவு செய்தது.

பேட்டரி மாற்றப்பட்டது. ரிமோட் மாற்றப்பட்டது. கூரைமேல் இருந்த செயற்கைக்கோள் தட்டு துடைக்கப்பட்டது. அதன் காலடியில் எலுமிச்சம்பழம் ஒன்று நறுக்கிவைக்கப்பட்டது. மீன்கள் மாறவில்லை. பூசையில் வைத்த பொட்டை அடுத்த பூசை வரை யாரும் தொடக் கூடாது என்பதால், கருப்பையா நாள்தோறும் பெட்டியைத் துடைத்தார். பொட்டை மட்டும் கவனமாகச் சுற்றித் துடைத்தார்.

இவ்வாறு மண்டபத்துக்கு வருவோர் குறைந்து, பின் நின்றே போயினர். கருப்பையா மட்டும் வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில், புரியாத மொழி பேசும் ஒரு மனிதன் ஏரியில் தூண்டில் போட்டான். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு மீன் வரும். அவன் அதை இரு கைகளாலும் தூக்கிக் காட்டிவிட்டு மீண்டும் தண்ணீரில் விடுவான். கருப்பையாவுக்கு இதில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. மலையில் பனி இறங்குவதைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

பின்னறையில் மணியம்மா, மகள் கொடுத்த கைப்பேசியில் தொடர் பார்த்தாள். அதன் நாயகி ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த மருமகள். தோட்டத்தில் அவளை எல்லாரும் ‘பெரிய மருமக’ என்றே சொல்வார்கள். உறவுக்காரியைப் போலப் பேசுவார்கள்.

“அந்த மீனை எத்தன நாளைக்குத்தான் பாப்பீங்க? வந்து இதப் பாருங்க. பெரிய மருமகளுக்குப் பால்ல வெசம் வச்சிட்டாங்க,” என்பாள் மணியம்மா.

“குடிச்சிட்டாளா?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“இங்க இவன் விட்டுட்டான்,” என்று கருப்பையா மீனைப் பற்றிச் சொல்வார்.

தோட்ட நிர்வாகியான துரை ஒருநாள் மாலை மண்டபத்தைக் கடந்து போகையில் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, மண்டபத்துச் சந்தாவைத் தோட்டம் எதற்காகக் கட்டுகிறது என்று மட்டும் மறுநாள் லோகேஸ்வரனிடம் கேட்டார். யாரும் வருவதில்லை என்றால் இணைப்பை வெட்டிவிடலாம், காவலரும் தேவையில்லை, பின்னறை உரமூட்டை அடுக்க வசதியாக இருக்கும். மாத இறுதியில் முடிவு செய்வதாகச் சொன்னார்.

குழு அவசரமாகக் கூடியது. கருப்பையா சுவரோரம் நின்றார். தங்கராஜு நோயை உடனே கண்டுபிடித்தார்: இலவசம்.

“இலவசமாகப் பார்ப்பது திருட்டு,” என்று அவர் மேடைத் தமிழில் கூறினார். “இந்தக் குழுவினர் அதனை ஒருபோதும் செய்யமாட்டார்கள். செய்ய நேர்ந்தாலும் பொது இடத்தில் செய்யமாட்டார்கள். நமக்கென்று ஒரு பாரம்பரியம் உண்டு.”

அவர் பாரம்பரியத்தை விளக்கிக்கொண்டிருக்கையில், செயலாளரின் சட்டைப்பையிலிருந்து தொடரின் தொடக்கப் பாடல் எழுந்தது. லோகேஸ்வரன் பையை அழுத்திப் பிடித்தார். தலைவர் பாடல் முடியும்வரை காத்திருந்து, பேச்சைத் தொடர்ந்தார். கூட்டம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. இருவருக்கும் வீட்டில் வேலை இருந்தது.

முடிவு இது: வருகையைக் கண்காணிக்க வேண்டும். உள்ளே வந்து எண்ணினால் பார்வையாளர்களின் கவனம் சிதறும். ஆதலால் செயலாளர் மாலைதோறும் சாலையில் நின்றபடியே, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை எண்ணிக்கொள்வார்.

அன்றிரவு கருப்பையா சோற்றைப் பிசைந்துகொண்டே இதை மனைவியிடம் சொன்னார். அறை போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. உரமூட்டை என்று மட்டும் சொன்னார்.

மணியம்மா கைப்பேசியை அணைத்தாள். “சிலிப்பரத்தானே எண்றாரு?” என்றாள். “காலை எண்ணலியே?”

மறுநாள் அவள் லைன் முழுவதும் ஏறி இறங்கினாள். வார் அறுந்தவை, குதி தேய்ந்தவை, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போனவை என்று ஒரு கோணி நிறையக் கிடைத்தது. மாலையில் அவற்றை மண்டப வாசலில், அவசரமாக உள்ளே ஓடியவர்கள் கழற்றிவிட்டாற்போல, தாறுமாறாகப் பரப்பிவைத்தாள். லோகேஸ்வரன் சாலையில் நின்று எண்ணினார். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு நிறைவு தெரிந்தது.

ஒருநாள் ஐந்து மணிக்குப் பிடித்த மழை விடவேயில்லை. மழை பெய்தால் செயற்கைக்கோள் படம் நின்றுவிடும், அன்றும் நின்றது. செருப்புகள் நனைந்து மிதந்தன. ஒரு செருப்பு சாக்கடை வழியே தேயிலைக்குள் போயிற்று. படம் இல்லாத மண்டபத்திலிருந்து ஒருவரும் வெளியே வராததை, சாலையில் குடைபிடித்து நின்ற செயலாளர் கண்டார். தங்கராஜு தம் அறிக்கையில், மக்கள் நிகழ்ச்சிகளில் அந்த அளவுக்கு ஒன்றிப்போயிருப்பதாகவும், குழு எடுத்த விழிப்புணர்வு நடவடிக்கையே இதற்குக் காரணம் என்றும் எழுதினார். அறிக்கையின் நகலைத் துரைக்கு அனுப்பினார். துரை பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். மற்றொரு நகலைப் பெருமை தாங்காமல் சந்தா நிறுவனமான ‘வான்முற்ற’த்துக்கு அனுப்பினார். அங்கேதான் பிழை நேர்ந்தது.

வான்முற்றத்துக்கு அந்தச் சமயத்தில் மலைப்பகுதியில் நல்ல செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. திரிங்காப், கோலா தெர்லா என்று எல்லா இடங்களிலும் மக்கள் கூரைத் தட்டுகளைக் கழற்றி, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் தெளிக்கவும் கோழிக்குத் தீனி வைக்கவும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இந்நிலையில், ஒரு தோட்டம் முழுவதும் கொட்டும் மழையில் படமில்லாத திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி நிறுவனத்தை உலுக்கியது. ஒத்தமரத் தோட்டத்துக்கு ‘விசுவாசப் பார்வையாளர் விருது’ வழங்க முடிவாயிற்று. விருதை வழங்க மண்டல அதிகாரி கிரகரி நேரில் வருவார். மண்டபம் நிறைந்திருப்பதைத் தாமும் ஒருமுறை பார்க்க விரும்புவதாகத் துரை சொல்லியனுப்பினார். அவர் குறித்த நாள், மாதத்தின் கடைசி சனிக்கிழமை.

தங்கராஜு கருப்பையாவின் கையைப் பற்றிக்கொண்டார். “மண்டபம் நெறையணும், கருப்பையா. வழக்கமா வர்ற ஆளுங்க வந்தாலே போதும்லா,” என்றார். தம் அறிக்கையை அவர் முழுமையாக நம்பினார்.

வழக்கமாக வருபவர்களைக் கருப்பையா கோணியில் கட்டி வைத்திருந்தார்.

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. அதே சனிக்கிழமை மாலைதான் தொடரின் கடைசிப் பகுதி இணையத்தில் வெளியாகவிருந்தது. தோட்டத்துப் பெண்கள் அன்றைய சமையலை மத்தியானமே முடித்துவிடுவதாகப் பேசிக்கொண்டார்கள். மண்டபத்துக்கு வாருங்கள் என்று கருப்பையா வீடுவீடாகப் போய்ச் சொன்னபோது, வாசலில் நின்றவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாக மறுத்தார்கள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, முழங்கால்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சாமான அட்டப்பெட்டியில போட்டு வைக்கவா?” என்று மணியம்மா கேட்டாள்.

“வை.”

அவள் இரண்டு பாத்திரங்களை எடுத்து வைத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு, அந்தக் கம்பெனிக்காரர்கள் எதில் வருகிறார்கள் என்று கேட்டாள். ஒரு லோரியில் வருகிறார்கள், அதில் புதிதாக விற்கிற வைஃபையையும் கொண்டுவந்து காட்டுவார்களாம் என்று லோகேஸ்வரன் சொன்னதைக் கருப்பையா சொன்னார்.

“வைஃபை எல்லாருக்குமா?”

“மண்டபத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும், சும்மா, ஒரு நாளைக்கு.”

லைனில் கைப்பேசிக்குச் சிக்னல் நிலையாகக் கிடைப்பதில்லை. பல மாலைகளில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, கையை உயர்த்தி நின்றால்தான் பெரிய மருமகள் அசைவாள், அங்கேயும் பாதியில் உறைந்துபோவாள். மணியம்மா அட்டைப்பெட்டியை மூடினாள். மீண்டும் லைன் முழுவதும் ஏறி இறங்கினாள். இம்முறை யாரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்து, ஆட்கள் வெளியிலும் நின்றனர். குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தார்கள். சால்வைக்குள் கைப்பேசி இருந்தது. கழுத்துப்பட்டை வழியே மெல்லிய கம்பி ஒன்று காதுக்கு ஏறியது. வாசலில் உண்மையான செருப்புகள் கிடந்தன. துரை வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், திரும்பிப் பார்த்தார், தலையாட்டினார். கருப்பையா அதைப் பார்த்தார். பார்த்தபின்னும் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை.

குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. கிரகரிக்குப் பொன்னாடையும் மாலையும் அணிவிக்கப்பட்டன. தங்கராஜு வரவேற்புரையில் குழுவின் தலைவர்கள் அனைவரையும் இறந்த வரிசையில் நினைவுகூர்ந்தார். இதற்குள் நிறுவனத்தின் வைஃபை மண்டபம் எங்கும் பரவியிருந்தது. அதன் வழியே, நிறுவனம் ஒழிக்க வந்த இலவசத் தளத்தில், கடைசிப் பகுதி தொடங்கியது.

கிரகரி எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

“நான் உங்களிடம் அதிகாரியாகப் பேச வரவில்லை. நானும் லைனில் பிறந்தவன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னலில் தொங்கிக்கொண்டுதான் பார்த்தோம். ஒரு காசு கட்டவில்லை. ஆனால் அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அது உறவு. ஏனென்றால் அப்போது நான் இந்த நிறுவனத்தில் சேர்ந்திருக்கவில்லை.”

தங்கராஜு கைதட்டினார். மண்டபம் அசையவில்லை. பெரிய மருமகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

“மழை பெய்தால் படம் நின்றுவிடுகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். மழை இயற்கை தரும் காட்சி. அதற்காக நாங்கள் தனிக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. படம் நிற்கும் நேரத்தில் குடும்பம் ஒன்றுகூடிப் பேசுகிறது. இந்தச் சேவையை எந்த இலவசத் தளம் தரும்?”

எல்லாத் தலைகளும் குனிந்தே இருந்தன. இவ்வளவு கவனத்தோடு தம் பேச்சைக் கேட்ட கூட்டத்தைக் கிரகரி அதுவரை கண்டதில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இலவசமாகப் பார்ப்பவர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தளங்களை நான் இரவு இரவாக ஆராய்ந்திருக்கிறேன். என் வீட்டாரும் ஆராய்ச்சியில் உதவுகிறார்கள். படம் தெளிவாக இருக்கிறது. விளம்பரம் குறைவு. மழையிலும் நிற்பதில்லை. இவ்வளவு தீமையையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நாம் தேடிப் பார்க்கும் அந்த ஒரு தொடருக்குப் பின்னால், யாரும் பார்க்காத நூறு அலைவரிசைகள் இருக்கின்றனவே, நீங்கள் கட்டாவிட்டால் அவற்றை யார் காப்பாற்றுவார்?”

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் விம்மினாள். பக்கத்திலிருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை பின்வரிசை வரை பரவியது. கதவோரம் நின்ற லோரி ஓட்டுநர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செயலாளர் லோகேஸ்வரன் மேடையிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் ஒரு காதில் கம்பி இருந்தது.

கிரகரி பேச்சை முடிக்க முடியாமல் நின்றார். யாரும் பார்க்காத அலைவரிசைகளுக்காக மக்கள் அழுவதை அவர் முதன்முறையாகப் பார்த்தார். அவருடைய கண்களும் கலங்கின. நிறுவனத்தின் செலவில் இந்த மண்டபத்துக்கு ஐந்தாண்டு இணைப்பு அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. ஒரு நிபந்தனை: நிறுவனத்தின் பெட்டியைக் காக்க, காவலர் பதவியும் அவருடைய இருப்பிடமும் அதுவரை தொடர வேண்டும். துரை மறுபடியும் தலையாட்டினார். அவருக்குச் சந்தா மிச்சம்.

இறுதி நிகழ்ச்சியாக, கிரகரி ரிமோட்டை வாங்கித் தொலைக்காட்சியை நோக்கி அழுத்தினார். ஏரிக்கரையில் ஒருவன் தூண்டிலோடு நின்றான். மீண்டும் அழுத்தினார். அவன் நகரவில்லை. நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள் மேடையேறி, டிகோடர் பெட்டியின் முன் குனிந்தான். ஒரு கணம் பார்த்தான்; பிறகு கட்டைவிரல் நகத்தால் சந்தனப் பொட்டைச் சுரண்டி, ஊதினான்.

தங்கராஜு, “ஐயோ, பூச பொட்டு தம்பி,” என்றார்.

அலைவரிசை மாறியது. சந்தா கட்டிப் பார்ப்பவர்களுக்கு அதே தொடர், ஆனால் பழைய பகுதி. திரையில் பெரிய மருமகள் அடுப்படியில் நின்று ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் நிமிர்ந்து பார்த்தது. சற்றுமுன்தான் சால்வைக்குள் அவளைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள்.

“இப்பத்தான் பொதைச்சோம்,” என்று மூன்றாம் வரிசையிலிருந்தவள் தெளிவாகச் சொன்னாள். “எந்திரிச்சு வந்து ரசம் வைக்கிறா.”

சிரிப்பு எழுந்தது. அது அடங்க நேரமாயிற்று. கிரகரி அதை, இழந்ததை மீண்டும் பெற்றவர்களின் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு, இரு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டார்.

விழா முடிந்து தம் காடியில் ஏறப் போகும் வழியில், தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மணியம்மாவிடம் அவர் சற்று நின்றார். குரலில் மேடை இல்லை.

“அக்கா, கடைசியில செத்துத்தான் போயிட்டாளா? வீட்ல கேப்பாங்க.”

“போயிட்டாங்க, ஐயா. பால்தான்.”

“நெனச்சேன்,” என்றார் கிரகரி. அவர் முகம் வாடியது. மாலையைக் கழற்றிப் பின்னிருக்கையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். லோரி போனதும் வைஃபையும் போயிற்று. லைன் மக்களும் போனார்கள்.

அறை நிலைத்தது. மணியம்மா அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு பாத்திரங்களையும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். இதைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தங்கராஜுவும் லோகேஸ்வரனும் முன்போலவே மாலைதோறும் வந்து பூட்டுகளைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். விருதுப் பலகை அலமாரிக்குள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டு, அதுவும் பூட்டப்பட்டது. செயலாளர் சாலையில் நின்று செருப்புகளை எண்ணினார். கோணி மீண்டும் பயனுக்கு வந்தது.

தொலைக்காட்சி இப்போது எல்லாம் காட்டியது. பெரிய மருமகள் நாள்தோறும் சமைத்தாள். பால் வாங்கி வைத்தாள். அவள் எப்படிச் சாகப் போகிறாள் என்று தெரிந்த ஒருவர், வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் அதை அறியாமல் வீட்டைப் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாலைகள் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, மண்டபத்துக்குள் வந்தார். ரிமோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். செய்தி, சமையல், சண்டை, பிரசங்கம், பாட்டு எல்லாம் கடந்தபின் ஏரி வந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தார். பின்னறைக்குப் போய், மணியம்மா சாமிப் படத்துக்கு இழைத்து வைத்திருந்த சந்தனத்தில் கொஞ்சம் எடுத்துவந்தார். முழங்கால் மடங்காததால் நின்றவாறே குனிந்து, பெட்டியின் நெற்றியில், அந்தச் சிறிய கருத்த புள்ளி முழுவதும் மறையும்படி அப்பினார். நடுவில் குங்குமம் வைத்தார்.

அது காயும்வரை காத்திருந்து, ரிமோட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஏரியில் அந்த மனிதன் ஒரு மீனைத் தூக்கிக் காட்டிவிட்டு, தண்ணீரில் விட்டான்.